வயிற்றுப் பொருமலும் ஜாடராக்னியும்

சென்ற வாரங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் இரண்டு, ஒரே தொல்லையைப் பற்றிப் பேசுகின்றன. முதலாவது கடிதத்தை எழுதிய பெரியவருக்கு வயது 72. ஏகாதசிதோறும் தண்ணீர் மட்டும் அருந்தி விரதம் காக்கிறார். துவாதசி பாரணை முடிந்த அரை மணி நேரத்துக்குள் வயிறு பறை போல் உப்பிக்கொள்கிறது. இரண்டு நாள்களுக்கு மலம் சரியாக இறங்குவதில்லை. இரண்டாவது கடிதம் ஒரு சகோதரி தம் மாமியாரைப் பற்றி எழுதியது. அந்த அம்மையாருக்கு வயது 66. காலைப் பலகாரம் முடிந்து இரண்டு மணி நேரத்தில் கோயிலிலிருந்து வந்த பொங்கல், நண்பகலில் முழுச் சாப்பாடு, அதன்மேல் ஓர் உறக்கம். மாலையானால் புளித்த ஏப்பமும் வயிற்றுக் கனமும். “நவராத்திரி வருகிறது. நாலு வீட்டுக் கொலுவுக்குப் போகவேண்டும். சுண்டலை உண்ணவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று இப்போதே வருந்துகிறார்” என்று எழுதியிருக்கிறார் மருமகள்.

இருவரும் நாள்தோறும் காலையில் ஒரு ‘கேஸ் மாத்திரை’ போட்டுக்கொள்கிறார்கள். ஆயுர்வேதத்தில் இதற்கு வழி உண்டா என்பது இருவரின் கேள்வி. உண்டு. ஆனால், இருவருக்கும் ஒரே வழி இல்லை என்பதே இந்த வாரம் நான் சொல்ல விரும்பும் செய்தி. நான் வைத்தியன் அல்லேன். வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வாக்படர் அருளிய அஷ்டாங்க ஹிருதயத்தையும் சரக சம்ஹிதையையும் உரையோடு படித்து, ஐயம் வந்த இடங்களில் ஆயுர்வேத மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நெருப்பும் காற்றும்

பகவத் கீதையின் 15ஆம் அத்தியாயத்தில் கண்ணபிரான், உயிர்களின் உடலில் தான் வைச்வாநரன் என்னும் அக்கினியாக இருந்து, பிராணன், அபானன் என்னும் வாயுக்களோடு கூடி நால்வகை உணவையும் செரிக்கச் செய்வதாக அருள்கிறார். ஆயுர்வேதத்தின் செரிமானக் கொள்கையும் இதுதான். வயிற்றில் இருப்பது ஜாடராக்னி. அதன் அருகிலிருந்து அளவாக ஊதிக் கொடுப்பது சமான வாயு. கழிவுகளைக் கீழ்நோக்கித் தள்ளுவது அபான வாயு. காற்று அளவாக இருந்தால் அடுப்பு சீராக எரியும். காற்று மிகுந்தால் சுடர் அலையும். அடுப்பில் சாம்பல் மூடினால் புகையும். வயிற்றுப் பொருமலும் இவ்விரண்டில் ஒன்றால்தான் வருகிறது.

திருவள்ளுவரும் பசியைத் தீ என்றே கண்டார். ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, முன் உண்டது செரித்ததா என்று பார்ப்பதையும், ஒத்துவரும் உணவை அளவோடு உண்பதையும் பற்றியவை. மருந்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே சொன்னார் என்பது கருதத்தக்கது.

சரகர் இன்னொரு நுட்பமும் சொல்கிறார். உண்ட உணவு செரிமானத்தின்போது மூன்று நிலைகளைக் கடக்கிறது: முதலில் இனிப்பு, அடுத்துப் புளிப்பு, இறுதியில் காரம். கடைசி நிலையில், உணவின் எஞ்சிய பகுதி பெருங்குடலில் வற்றிக் கட்டியாகும்போது வாயு பிறக்கிறது என்கிறார். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாக மாறுகின்றன என்று இன்றைய மருத்துவமும் கூறுகிறது. ஆகவே வாயு உண்டாவது நோயன்று. நாளொன்றுக்குப் பத்து, இருபது முறை அது பிரிவது இயற்கையே. அளவுக்கு மீறி உண்டாவதும், உண்டானது வழி கிடைக்காமல் தங்குவதுமே தொல்லை.

இங்கே ‘கேஸ் மாத்திரை’ பற்றி ஒரு சொல். நம் ஊரில் அப்பெயரால் வழங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை வயிற்றின் அமிலச் சுரப்பைக் குறைப்பவை. நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் அவை உரியவை. பெருங்குடலில் உண்டாகும் வாயுவுக்கு அவற்றால் பெரும்பயன் இல்லை. ஆனால் இதய நோய்க்கோ மூட்டுவலிக்கோ மருந்து உண்பவர்களுக்கு, வயிற்றைக் காக்கவென்று மருத்துவர் அதைச் சேர்த்து எழுதியிருக்கக் கூடும். ஆதலால் தாமாக நிறுத்தாமல், ‘இது எனக்கு எதற்காக?’ என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று பிழைகள்

அக்கினியைக் கெடுக்கும் உணவு முறைகள் மூன்று என்று நூல்கள் பெயரிட்டுச் சொல்கின்றன. நல்லதையும் ஒவ்வாததையும் கலந்து உண்பது சமசனம். காலம் தவறியோ, அளவு கூடியோ குறைந்தோ உண்பது விஷமாசனம். முன் உண்டது செரிக்கும் முன்பே மேலும் உண்பது அத்யசனம்.

மூன்றாவதை வங்கிக்காரன் எளிதில் புரிந்துகொள்வான். அன்றைய வரவு செலவைச் சரிபார்த்து முடிக்காமல் மறுநாள் கவுன்ட்டரைத் திறக்க மாட்டோம். திறந்தால் இரண்டு நாள் கணக்கும் குழம்பும். வயிறும் அப்படியே. பாதி செரித்த இட்லியின் மேல் பொங்கல் விழுந்தால் இரண்டும் அரைகுறையாக நின்றுவிடும். அப்படி நிற்பதற்கே ஆயுர்வேதம் ‘ஆமம்’ என்று பெயரிட்டிருக்கிறது.

முன் உண்டது செரித்ததை எப்படி அறிவது? ஏப்பத்தில் உணவின் நாற்றமோ புளிப்போ இராது. உடல் இலேசாக இருக்கும். மல, மூத்திரம் தடையின்றிப் பிரியும். மனத்தில் ஊக்கமும், வயிற்றில் உண்மையான பசியும், தாகமும் தோன்றும். இந்த அடையாளங்கள் தோன்றிய பிறகே அடுத்த கவளம். இதற்குச் செலவு ஏதுமில்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

இரண்டு வகைப் பொருமல்

இனி, நம் இரு அன்பர்களிடம் வருவோம்.

அம்மையாருக்கு இருப்பது மந்தாக்கினி. நெருப்பு சாம்பல் மூடிக் கிடக்கிறது. வயிற்றுக் கனம், புளித்த ஏப்பம், நாக்கில் வெள்ளைப் படிவு, உண்டதும் சோம்பல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவருக்கு முதல் மருந்து குறைத்து உண்பது. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி ஒரு சிறு உருண்டையாக ஏற்றாலும் பிரசாதமே. எஞ்சியதை அடுத்த வேளைக்கோ, அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கோ தரலாம். பகல் உறக்கத்தை விட்டு, உண்டபின் நூறு அடியேனும் மெல்ல நடக்கலாம். வாரத்தில் ஒரு நாள் இரவுணவுக்குப் பதிலாகச் சூடான அரிசிக் கஞ்சியோ, சுக்கு தட்டிப்போட்ட வெந்நீரோ போதும். இத்தகையோருக்கு விரதம் மருந்தாகும். லங்கனம், அதாவது உடலை இலேசாக்குதல், ஆமத்துக்கு முதல் சிகிச்சை என்பது ஆயுர்வேதத்தின் துணிபு.

பெரியவருக்கு இருப்பது விஷமாக்கினி. காற்று மிகுந்து சுடர் அலைகிறது. ஒரு நாள் பசி, ஒரு நாள் பசியின்மை, வறண்ட மலம், வயிற்றில் இரைச்சல், இடம் மாறும் வலி ஆகியவை இதன் குறிகள். முதுமை இயல்பாகவே வாதம் மிகும் பருவம். அதில் முழுப் பட்டினி வாதத்தை மேலும் தூண்டும். மறுநாள் அலைந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு நெருப்பின் மேல் அகத்திக்கீரை, சுண்டைக்காய், பருப்பு, பாயசம் என முழு இலையும் விழுகிறது. அகத்திக்கீரை செரிக்கக் கடினமானது, வாயுவை எழுப்பக் கூடியது என்று நம் வைத்திய மரபே சொல்கிறது. வயிறு உப்பாமல் என்ன செய்யும்?

உடலைச் சுத்தி செய்யும் சிகிச்சைகளுக்குப் பிறகு நோயாளியை எப்படி உணவுக்குத் திருப்புவது என்று ஆயுர்வேதம் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. முதலில் நீர்த்த கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு பயற்றஞ்சாறு சேர்ந்த சோறு என்று படிப்படியாக ஏறவேண்டும். துவாதசிப் பாரணைக்கும் இதையே கைக்கொள்ளலாம். நெல்லிக்காயையும் அகத்தியையும் மரபுக்காகச் சிறிதளவு ஏற்று, வயிற்றுக்குச் சூடான கஞ்சியும் ஒரு தேக்கரண்டி நெய்யும் தந்து, முழுச் சாப்பாட்டை அடுத்த வேளைக்குத் தள்ளலாம். ஏகாதசியன்றும் பாலோ பழமோ ஏற்பது முதியோருக்கும் நோயுற்றோருக்கும் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள சலுகைதான். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், தம் மருத்துவரிடம் பேசாமல் பட்டினி இருக்கவே கூடாது.

ஒருவருக்கு மருந்தான விரதம் இன்னொருவருக்கு நோயைத் தூண்டுகிறது. ஆகவே, ‘வாயுவுக்கு இன்னது நல்லது’ என்று யாரேனும் சொன்னால், ‘எந்த வாயுவுக்கு?’ என்று கேளுங்கள்.

எப்படி உண்பது?

இருவகையினருக்கும் பொதுவான விதிகள் சில. வயிற்றை நான்கு பங்காகக் கொண்டு, இரண்டு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீர்ப்பொருளுக்கும் ஒதுக்கி, ஒரு பங்கைக் காற்று உலவ விட்டுவிட வேண்டும் என்கிறார் வாக்படர். உணவு சூடாகவும் சிறிது நெய்ப்பசையோடும் இருக்கட்டும். அவசரப்பட்டும் உண்ணக் கூடாது. ஆறி அவலாகும் வரை இழுத்தும் உண்ணக் கூடாது. பேச்சும் சிரிப்பும் இன்றி, உண்பதிலேயே மனம் வைத்து உண்ணவேண்டும் என்பது சரகர் விதி. பேசிக்கொண்டே உண்பவர் ஒவ்வொரு கவளத்தோடும் காற்றையும் விழுங்குகிறார் என்பதை இன்றைய மருத்துவர்களும் சொல்கிறார்கள். தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியும் நம் சாப்பாட்டு மணையிலிருந்து எழுந்து போனாலே பாதித் தொல்லை தீரும்.

இரவில் தயிர் வேண்டாம் என்பது வாக்படரின் கண்டிப்பு. தயிர்ச்சோறு இல்லாமல் இரவுணவு நிறையாது என்பவர்கள், வெண்ணெய் நீக்கிக் கடைந்த மோரில் சிறிது இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துப் பிசைந்து உண்டு பார்க்கலாம். பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்புபவர்கள் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கவேண்டும். வயது ஏற ஏறப் பலருக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை. மோர் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சுண்டல் செய்யும் கைகளுக்கு

பயறு வகைகளில் பாசிப்பயறே சிறந்தது, வாயு குறைந்தது. பட்டாணி மிகுந்த வாயுவைத் தருவது என்று அஷ்டாங்க ஹிருதயம் தரம் பிரித்துச் சொல்கிறது. கொலுவுக்கு முதியோர் வரும் நாளில் பாசிப்பயற்றுச் சுண்டல் செய்யலாமே!

கொண்டைக்கடலையும் மொச்சையும் செய்யும் நாளில், இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குழைய வேகவைக்க வேண்டும். நம் குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் ஊறிய நீரோடு ஓரளவு வெளியேறிவிடும். தாளிப்பில் பெருங்காயமும் இஞ்சியும் தாராளமாக இருக்கட்டும். பெற்றுக்கொள்பவரும் ஒரு வீட்டுச் சுண்டலை உண்டு, மற்ற வீட்டுச் சுண்டலை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கொடுப்பவர் மனம் கோணாது. தாம்பூலத்தோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொள்வது எப்போதும் உள்ள பழக்கம்தானே.

நம் கோயில் மடைப்பள்ளிகள் இந்த அறிவைப் பெற்றிருந்தன. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் இருக்கின்றன. பானகத்தில் சுக்கும் ஏலமும் இருக்கின்றன. வெண்பொங்கலின் நெய்க்குத் துணையாக மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம். பட்சணங்களுக்கு முன்பாகவே தீபாவளி மருந்தை உள்ளங்கையில் வைக்கும் வழக்கமும் இந்த வரிசையில் வந்ததே.

அஞ்சறைப் பெட்டி மருந்துகள்

உணவுக்குக் கால் மணி முன்பு, மெல்லியதாக நறுக்கிய இஞ்சித் துண்டில் ஓரிரு கல் இந்துப்பு வைத்து மென்று விழுங்குதல் பசியைத் தூண்டும். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் நூல் இதைப் பெரிதும் பாராட்டுகிறது. இரைப்பையிலிருந்து உணவு விரைவாக நகர இஞ்சி உதவுகிறது என்று தற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன.

உப்புசம் வந்தபின், அரைத் தேக்கரண்டி ஓமத்தை வெறும் வாணலியில் வறுத்து, ஒரு குவளை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, இளஞ்சூட்டில் மெல்லப் பருகலாம். ஓமத்தின் காரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சீரக வெந்நீர் ஏற்றது. வெறும் வெந்நீரே வயிற்று உப்புசத்துக்கு நல்லது என்கிறது அஷ்டாங்க ஹிருதயம்.

கடையில் கிடைக்கும் மருந்துகளுள் பெயர் பெற்றது ஹிங்குவாஷ்டக சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, அசமதா ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்னும் எட்டும் சேர்ந்தது. கால் தேக்கரண்டிச் சூரணத்தை நெய்யோடு முதல் கவளச் சோற்றில் பிசைந்து உண்பதே நூல் சொல்லும் முறை. வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல், மூல இரத்தப்போக்கு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இரத்த அழுத்த, சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு நாமாகவே கொடுக்கலாகாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதைக் கோதுமை ஒவ்வாதவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

நம் பெரியவரைப் போல மலச்சிக்கலும் உடையவர்கள், இரவில் அரைத் தேக்கரண்டி திரிபலா சூரணத்தை வெந்நீரில் எடுத்துக்கொள்ளலாம். இளஞ்சூடான நல்லெண்ணெயைத் தொப்புளைச் சுற்றி, கடிகார முள் செல்லும் திசையில் மெல்லத் தடவி ஒற்றடம் கொடுப்பதும் வாதத்தைத் தணிக்கும்.

இன்னொன்று முக்கியமானது. உடலின் பதின்மூன்று வேகங்களை அடக்கக் கூடாது என்று சொல்லும் வாக்படர், அந்தப் பட்டியலில் முதலாவதாக வைப்பது அபான வாயுவைத்தான். அதை அடக்கினால் வயிற்று வலியும் உப்புசமும் மலத்தடையும் உண்டாகும் என்கிறார். தரிசன வரிசையிலும் பேருந்திலும் கூச்சப்பட்டு மணிக்கணக்கில் அடக்குபவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதனாலேயே அவதிப்படுகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் எழுந்து ஒதுங்கினால், சிறுவர்களைச் சிரிக்க விடாதீர்கள்.

வாயு என்று எண்ணி ஏமாறாதீர்

இப்பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள். என்னோடு பணியாற்றிய காசாளர் ஒருவர், ஒரு நாள் மாலை மேல்வயிறு இறுக்குவதாகச் சொன்னார். ‘வாயுப் பிடிப்பு, சோடா குடித்தால் சரியாகும்’ என்று சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவருடைய முகம் வியர்த்திருப்பதைக் கண்ட காவலாளிதான் ஆட்டோவை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அது மாரடைப்பு. உரிய நேரத்தில் போனதால் உயிர் பிழைத்தார்.

மார்பில் இறுக்கமோ பாரமோ தோன்றினாலும், வலி இடக்கை, தோள், தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவினாலும், வியர்வையும் மூச்சுத்திணறலும் மயக்கமும் சேர்ந்து வந்தாலும், ஓமமும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் மார்வலி இல்லாமலே, மேல்வயிற்றுச் சங்கடமும் குமட்டலுமாக மாரடைப்பு வரக் கூடும்.

அதேபோல் 50 வயதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாகத் தோன்றி, வாரக்கணக்கில் நீங்காத உப்புசம் இருந்தால், சினைப்பையைப் பரிசோதிக்க வேண்டும். உடல் எடை காரணமின்றிக் குறைதல், கறுத்த மலம் அல்லது மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, விழுங்குவதில் தடை ஆகியவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல. நம் வீட்டுப் பெண்கள், ‘எனக்கு ஒன்றுமில்லை, வாயுதான்’ என்று சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் பரிமாறுவார்கள். அவர்கள் மூன்று வாரங்களாக அதையே சொன்னால், கையைப் பிடித்து அழைத்துப் போவது கணவரின், பிள்ளைகளின் கடமை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாமியாருக்கு இந்த உப்புசம் எப்போது தொடங்கியது என்று முதலில் கேளுங்கள். பல ஆண்டுப் பழக்கமென்றால், மேலே சொன்ன உணவு ஒழுங்கை நவராத்திரிக்கு முன் இரண்டு வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள். அண்மையில் தொடங்கியதென்றால், கொலுப்படி கட்டும் முன்பாகவே மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பெரியவர் அடுத்த துவாதசியன்று கஞ்சியோடு பாரணை செய்து, எப்படி இருந்தது என்று ஓர் அஞ்சலட்டை எழுதினால் மகிழ்வேன்.

அடுத்த வாரம், முதுமையில் உறக்கம் குறைவதைப் பற்றி வந்துள்ள கடிதங்களுக்கு விடை எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக!